மாண்புமிகு நகர்த்திய சிப்பாய்

லாக்சன் மலாமா சதுரங்கப் பலகையைக் கண்ணால் பார்ப்பதற்கு ஒரு வருஷம் முன்பே சதுரங்க விதிகளை மனப்பாடம் செய்துவிட்டவர். கன்சோலோ செம்புச் சுரங்கத்தின் மனமகிழ் மன்றத்தை இழுத்து மூடியபோது நாற்காலிகளை ஒருவரும் மேசை விளக்குகளை இன்னொருவரும் தூக்கிக்கொண்டு போனார்கள். விதிப் புத்தகம் ஒன்று மட்டும் யாருக்கும் வேண்டாமல் வாசலில் கிடந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்த மலாமா அதை எடுத்து மண்ணைத் தட்டிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். பலகையும் காய்களும் பிறகுதான் கிடைத்தன. அதனாலோ என்னவோ, ஆட்டம் அவருக்குக் கடைசிவரை வசப்படவில்லை. நேற்று காய் பிடிக்கக் கற்ற பிள்ளைகளிடம் இன்று தோற்பார். ஆனால் விதியில் அவரைத் தோற்கடிக்க அந்த மாகாணத்தில் ஆள் கிடையாது.

சுரங்கத்தில் மின்வேலை பார்த்தார். சுரங்கத்தை வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்றபோது இயந்திரங்களை வைத்துக்கொண்டு மனிதர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மலாமாவும் வீட்டுக்கு வந்தார். அதன்பிறகு சந்தை முனையில் ஒரு மரப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, ரேடியோ என்று எது வந்தாலும் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்தார். சனி ஞாயிறுகளில் சதுரங்கப் போட்டிகளுக்கு நடுவர்.

கன்சோலோவில் விதி என்றால் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் கடைப்பிடிக்க வேண்டியது. மலாமாவுக்கு மட்டும் இந்தப் பொது அறிவு இல்லாமல் போயிற்று. ஒரு போட்டியில் ஒரு போதகர் தம் சபைப் பிள்ளைகளின் பலகைகளில் ஜெபித்த எண்ணெயைத் தடவிவிட்டுப் போனார். மலாமா பழந்துணி ஒன்றைக் கொண்டுவந்து, பலகையில் காயைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்று பிள்ளைகளையே துடைக்க வைத்தார். இன்னொரு முறை தலைமையாசிரியரின் மகன் தாமதமாக வந்தான். வாசலிலேயே அவன் தோற்றுவிட்டதாக அறிவித்தார். தலைமையாசிரியரின் மகன் எப்படித் தாமதமாக வர முடியும், அவன் வரும் நேரம்தானே நேரம் என்று ஊர் கொதித்தது. மாகாணச் சதுரங்கச் சங்கம் அவரை மூன்று முறை நீக்கியது, மூன்று முறையும் திரும்ப அழைத்தது. ஒரு பாட்டில் ஃபாண்டாவுக்கும் அரைக் கோழிக்கும் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேறு யாரும் முன்வரவில்லை.

"ஊருக்கெல்லாம் விதி சொல்றீங்க. நம்ம கூரைக்கு ஒரு விதி சொல்லுங்க, ஒழுகக் கூடாதுன்னு" என்பாள் மனைவி. மூத்த மகளின் பெயர் சோலா என்பதால் ஊரில் அவள் சோலா அம்மா, இவர் சோலா அப்பா.

சங்கத்தின் செயலாளர் சோகோ. சந்தையில் மலாமாவின் பலகைக்குப் பக்கத்துக் கடைக்காரர். மூட்டை மூட்டையாக வரும் பழைய துணிகளை உதறி விற்பவர். சோகோ ங்கோனிக்காரர், மலாமா பெம்பாக்காரர். இந்த இரு கூட்டத்தாரின் பாட்டன்மார்கள் எந்தக் காலத்திலோ ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். வெட்டி அலுத்தபின், இனி வாயால் மட்டும் வெட்டிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து ங்கோனியும் பெம்பாவும் கேலி முறை. எதிர்ப்பட்டால் ஏச வேண்டும், பெம்பாவைக் குரங்குதின்னி என்றும் ங்கோனியை எலிதின்னி என்றும். சாவு வீட்டில் பிணத்தின் தலைமாட்டில் நின்றுகூட ஏசலாம், இனத் தலைவரின் முகத்துக்கு நேரேகூட ஏசலாம். சிரிக்காமல் கோபித்துக்கொள்கிறவன்தான் குற்றவாளி. இதெல்லாம் மூடத்தனம், பாட்டன் சண்டையைப் பேரன் ஏன் சுமக்க வேண்டும் என்று மலாமா கேட்பார். ஆனால் சோகோவை ஏசாமல் அவர் கடை திறந்த நாள் கிடையாது.

இரண்டு நாள் நடந்த மாகாண இளையோர் சதுரங்கப் போட்டியின் முதல் நாள் காலையிலும் அப்படித்தான்.

"வா மச்சான். காலையிலே என்ன சாப்பிட்டே, குரங்கு வாலா, தொடையா?" என்றார் சோகோ.

"வால் உனக்குத்தான் எடுத்து வச்சிருக்கேன். எலி வால் தின்னு அலுத்திருக்கும்ல."

"இன்னைக்குக் கொஞ்சம் வாயை அடக்கிக்க. மாண்புமிகு ஜெரே வர்றாரு. அவருதான் போட்டியைத் திறந்து வைக்கப் போறாரு. நம்ம போட்டி மண்டபத்துக்குக் கூரை போட்டுத் தர்றதாச் சொல்லியிருக்காரு."

"போன தேர்தலுக்கு முன்னாடியும் அதைத்தானே சொன்னாரு."

"அப்போ சொன்னது பழைய கூரைப்பா. இது புதுக் கூரை."

ஜெரே கன்சோலோ தொகுதியின் எம்.பி. காலையில் வருவதாக இருந்தது. பிள்ளைகள் பலகைக்கு முன் உட்கார்ந்து காத்திருந்தார்கள். மதியமாகியும் சோகோ சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மலாமா பொறுமை இழந்து முதல் சுற்றைத் தொடங்கிவிட்டார். திறக்காத போட்டியை எப்படி நடத்தலாம் என்று சோகோ தலையில் கை வைத்துக்கொண்டார். போட்டி தன்பாட்டுக்கு நடந்தது. திறப்பு விழா இல்லாமலே குதிரைகள் தாவின, சிப்பாய்கள் செத்தார்கள்.

மறுநாள் கடைசிச் சுற்றுக்கு வந்தபோது முதலிடத்துக்கு இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவன் சிம்பெயா. பெரிய நகரத்தின் விலையுயர்ந்த பள்ளியிலிருந்து பயிற்சியாளரோடும் குளிர்ந்த தண்ணீர்ப் பெட்டியோடும் வந்தவன். அமைதியான, மரியாதையான பையன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. மற்றவள் கன்சோலோ அரசுப் பள்ளியின் மபாலோ. சுரங்கக் கழிவு மேட்டை ஒட்டிய வரிசை வீடுகளில் இருப்பவள், லாரி ஓட்டுநரின் உதவியாளருடைய மகள். சிம்பெயா அரைப் புள்ளி முன்னால் இருந்தான். சமன் செய்தாலே அவனுக்குப் போதும். மபாலோ ஜெயித்தே ஆக வேண்டும். ஜெயிக்கிறவருக்கு நாட்டின் இளையோர் அணியில் மாகாணத்துக்கென்று இருந்த ஒரே இடம் கிடைக்கும். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும் என்பதால் அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

ஒன்று மட்டும் அவளுக்குச் சாதகம். வெள்ளைக் காய், முதல் நகர்த்தல் அவளுடையது. அண்ணனின் விரிசல் விட்ட ஃபோனில் சிம்பெயாவின் பழைய ஆட்டங்களையெல்லாம் தேடிப் பார்த்து அவனுடைய ஒரு பலவீனத்தைக் கண்டுபிடித்திருந்தாள். ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி ஆரம்பித்து, சீக்கிரமே இன்னொரு சிப்பாயைப் பலி கொடுத்தால் அவன் அதைத் தின்ன ஆசைப்படுவான். அவன் தின்று முடிப்பதற்குள் தன் காய்களெல்லாம் வெளியே வந்து நிற்கும். பல வாரங்கள் இதை மட்டுமே மறுபடி மறுபடி ஆடிப் பார்த்திருந்தாள்.

அவள் உட்கார்ந்தாள். சிம்பெயா கை கொடுத்தான். மலாமா கடிகாரங்களைத் தொடங்கச் சொல்ல வாயைத் திறந்தார். அப்போது வெளியே ஹாரன் சத்தம் கேட்டது.

மாண்புமிகு ஜெரே போட்டியைத் திறந்து வைக்க வந்துவிட்டார்.

முதலில் பெண்கள் பாடிக்கொண்டே வந்தார்கள். எல்லோர் இடுப்பிலும் எம்.பி.யின் முகம் அச்சிட்ட துணி. அவர்கள் உட்காரும்போது அந்த முகம் என்ன பாடுபடுகிறது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பிறகு உள்ளூர் வானொலிக்காரர்கள், கட்சிக்காரர்கள், கடைசியாக அவர். முடிய இருந்த போட்டிக்கு வாசலில் ரிப்பன் கட்டி வெட்டினார்கள். ஒருவர் ஜெபித்தார். இன்னொருவர் ஜெபித்தவருக்கு நன்றி சொன்னார். எம்.பி. உரையாற்றினார். மலாமா அதைக் கேட்கவில்லை. எந்தத் தொடக்க உரையையும் கேட்பதில்லை என்பது அவருடைய கொள்கை. அந்த நேரத்தில் கடிகாரங்களைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். கொள்கைக்கும் விலை உண்டு என்பது சற்று நேரத்தில் தெரிந்தது.

"இப்போ மாண்புமிகு முதல் பலகையிலே முதல் காயை நகர்த்தி ஆட்டத்தைத் தொடங்கி வைப்பாரு" என்று சோகோ ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

இது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். விருந்தினர் வெள்ளைக் காய் ஆடுபவரிடம் குனிந்து, "எதை நகர்த்தட்டும்?" என்று கேட்பார். ஆடுபவர் காதோடு சொல்வார். விருந்தினர் நகர்த்துவார், படம் எடுப்பார்கள், எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் ஜெரே யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். மபாலோவின் தலைக்கு மேலாகக் கை நீண்டது.

"கேமரா பக்கம் இருக்கிறதை எடுங்க மாண்புமிகு" என்றான் படம் எடுப்பவன்.

கேமரா பக்கம் இருந்தது ராஜாவின் பக்கத்துக் குதிரைக்கு முன்னால் நின்ற சிப்பாய். எம்.பி. அதை எடுத்து இரண்டு கட்டம் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தார். கைதட்டல் அதிர்ந்தது.

சதுரங்கத்தில் ஒருவர் ஆட்டத்தைத் தொடங்க இருபது வழி உண்டு. அவற்றில் மிக மோசமான ஒன்றைத் தேடிப் பிடிக்க நிபுணர்களுக்கே கொஞ்சம் நேரமாகும். எம்.பி. ஒரே கணத்தில் பிடித்துவிட்டார். திருடன் தெருவில் நிற்கும்போது சொந்த வீட்டு வேலியைத் தானே பிடுங்கி எறிவது போன்ற நகர்த்தல் அது. ராஜா ஒதுங்க வேண்டிய பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

சோகோ மலாமாவைப் பார்த்துக் கடிகாரத்தைத் தொடங்கச் சைகை காட்டினார். எம்.பி. முன்வரிசையில் போட்டிருந்த வெல்வெட் சோபாவில் சாய்ந்து, தாம் தொடங்கிய ஆட்டத்தைப் பார்க்கத் தயாரானார்.

மபாலோ கையைத் தூக்கினாள். "சார், இது என் நகர்த்தல் இல்லை."

கட்சிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?" என்றார் எம்.பி. "முன்னாலே போறதுதான். பின்னாலே போறது நம்ம கொள்கையிலேயே கிடையாது."

கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். மலாமா பலகைக்கு வந்து அந்தச் சிப்பாயை எடுக்கப் போனார். சோகோ அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், வேண்டாம். அவர் கண்ணு முன்னாலேயே எடுப்பியா? ரேடியோவிலே நேரலையா ஓடுது."

"ஆடுறவ அவ. அவ வைக்கலே."

"தொட்டா நகர்த்தணும்னு நீதானே ஊரையே சாகடிப்பே? அவர் தொட்டாரு, நகர்த்தினாரு. முடிஞ்சது."

"பலகைக்கு முன்னாலே உக்காந்து ஆடுறவங்க கைதான் கை. நின்னுக்கிட்டுத் தொட்டா அது தூசி தட்டுற மாதிரி."

"மாண்புமிகு கையைத் தூசின்னு சொல்றியா?"

"விதி சொல்லுது."

"விதி கூரை போடுமா?"

மலாமா எம்.பி.யிடமே போனார். குனிந்து, மரியாதையாக விதியை எடுத்துச் சொன்னார். எம்.பி. புன்னகையோடு கேட்டுக்கொண்டார். சுரங்கத்தில் ஆட்குறைப்பு நடந்தபோதும் இதே புன்னகையோடுதான் கேட்டார். "செயலாளர் சொல்றபடி செய்ங்க" என்று சொல்லிவிட்டு ஃபோனைப் பார்க்க ஆரம்பித்தார். மபாலோ கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சிப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல வாரங்கள் மனசுக்குள் ஆடிய ஆட்டத்தில் அந்தச் சிப்பாய் ஒருமுறைகூட நகர்ந்ததில்லை.

ஒரு எம்.பி.யிடம், நீங்கள் செய்தது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்ல அந்த நாட்டில் யாருக்கு உரிமை? நீதிமன்றத்துக்கு உண்டு என்கிறது சட்டம். நீதிபதிகள் கேட்டால் சிரிப்பார்கள். அப்போதுதான் மலாமாவுக்கு உறைத்தது. ஜெரே என்பது ங்கோனிப் பெயர். அப்படியானால் இவர் முறைக்காரர். விதி கொடுக்காத உரிமையைக் கேலி முறை கொடுக்கிறது.

மூடத்தனம் என்று தாம் சொன்னதையெல்லாம் ஒரு மூலையில் வைத்துவிட்டு மலாமா நிமிர்ந்தார்.

"ஏய்யா எலிதின்னி," என்றார் மண்டபத்துக்கே கேட்கும்படி. "உங்க ஆளுங்களுக்கு ஓட்டை எங்கே இருந்தாலும் யோசிக்காம உள்ளே கையை விடணும். இது எலி வளை இல்லேய்யா, செஸ் பலகை. நீ புடுங்கினது கிழங்கும் இல்லே, ஒரு பொண்ணோட சிப்பாய். திருப்பி வை."

இந்த இடத்தில் ங்கோனிக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்துப் பதிலுக்குக் குரங்கை இழுக்க வேண்டும். எம்.பி. சிரிக்கவில்லை. யாருமே சிரிக்கவில்லை. பாடவந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சோகோவின் முகம் சாம்பல் பூத்தது.

"மச்சான்," என்றார் கிசுகிசுப்பாக, "நீ பேச்சைக் கேக்கலியா? அம்மா வழியிலே நானும் பெம்பாதான், உங்க வீட்டுப் பிள்ளைதான்னு இப்போத்தானே அவ்வளவு நேரம் பேசினாரு. தேர்தல்லே ஊர் ஊராச் சொன்னதும் அதானே."

ங்கோனிகள் அப்பன் வழி பார்ப்பவர்கள், பெம்பாக்கள் அம்மா வழி பார்ப்பவர்கள். ங்கோனி அப்பனுக்கும் பெம்பா அம்மாவுக்கும் பிறந்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு அரசியல்வாதிக்கு இது பெரிய வசதி. கிழக்கே போனால் அப்பன் பிள்ளை, கன்சோலோவில் அம்மா பிள்ளை. கன்சோலோவின் ஓட்டெல்லாம் பெம்பா ஓட்டு. சொந்தக் கூட்டத்தானை எலிதின்னி என்றால் அது கேலி அல்ல, அவமதிப்பு. ஒரு தொடக்க உரையைக் கேட்காததன் பலன் மலாமாவின் முன்னால் சோபாவில் உட்கார்ந்திருந்தது.

"பெரியவரே," என்றார் எம்.பி. மெதுவாக, "நான் உங்க ரத்தம். என் அம்மாவையே ஏசிட்டீங்க. ஊர் முறை என்னவோ அதைச் செய்ங்க."

ஊர் முறை மண்டியிட்டுக் கைகளைக் குவித்துத் தட்டுவது. "போடு மச்சான், மண்டி போடு, கூரை போகுது" என்று சோகோ தோளை அழுத்தினார். மலாமாவின் முழங்கால் பாதி மடிந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். அவர் வீரர் ஒன்றும் அல்ல. மறுநாள் சந்தையில் கடை போட வேண்டியவர். சந்தையின் இடங்களை ஒதுக்குவது யாருடைய கட்சிக்காரர்கள் என்பதும் அவருக்குத் தெரியும். பாதி மடிந்த நிலையில் மபாலோ கண்ணில் பட்டாள். அவள் அவரைப் பார்க்கவில்லை. சிப்பாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மடிந்த முழங்கால் அப்படியே நின்றது.

"மன்னிச்சுக்குங்க. நம்ம ஆளுன்னு தெரியாமப் பேசிட்டேன்" என்றார். "நான் காளான் குலம். நீங்க எந்தக் குலம்? குலம் தெரிஞ்சாத்தானே யார்கிட்டே எப்படி மண்டி போடுறதுன்னு தெரியும்."

பெம்பாக்காரனுக்குக் குலம் அம்மாவிடமிருந்து வருவது. முதலை, மழை, பன்றி, காளான் என்று ஏதாவது ஒன்று. பல் முளைக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். பேருக்கு முன்னால் அதைத்தான் சொல்லித்தருவார்கள். எம்.பி. பக்கத்தில் நின்ற உதவியாளரைப் பார்த்தார். உதவியாளருக்கு எல்லா ஊரிலும் எத்தனை ஓட்டு என்று தெரியும், இது தெரியாது. பாடவந்த பெண்களில் ஒருத்தி, "சொல்லுங்க மகனே, அம்மா எந்தக் குலம்?" என்று உண்மையான ஆவலோடு கேட்டாள். வானொலிக்காரன் ஒலிவாங்கியைக் கொஞ்சம் கிட்டே நீட்டினான்.

எம்.பி.க்கு இரண்டே வழி இருந்தது. அம்மா பிள்ளையாக நின்றால் குலம் சொல்ல வேண்டும். அப்பன் பிள்ளையாக மாறினால் சிரிக்க வேண்டும்.

அவர் சிரித்தார். சோபா குலுங்கச் சிரித்தார். கண் மட்டும் அதில் சேரவில்லை.

"அடேய் குரங்குதின்னி, பிடிச்சிட்டியே. அரைப் பெம்பாவா இருந்தாலும் அரை ங்கோனியாவும் இருக்கேன்ல, அதான் கை எலி தேடிப் போயிடுச்சு."

மண்டபம் இடிந்து விழுவது போலச் சிரித்தது. எம்.பி. எழுந்து வந்து சிப்பாயைப் பழைய இடத்தில் வைத்தார். வேறு வழியில்லாமல், வாழ்க்கையில் முதல் முறையாக, "எதை நகர்த்தட்டும்?" என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணிடம் கேட்டார். மபாலோ ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயைக் காட்டினாள். படம் எடுத்தார்கள். அவர் உடனே கிளம்பிவிட்டார். போகும்போது சோகோவிடம் கூரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்டம் மபாலோ நினைத்தபடியே போனது. சிப்பாயைப் பலி கொடுத்தாள். சிம்பெயா தின்றான். அவளுடைய குதிரைகள் வெளியே வந்தன, ராணி வந்தது, யானைக்கு வழி திறந்தது. சிம்பெயா குளிர்ந்த தண்ணீர் குடிக்கப் போகும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. ஆடத் தெரியாத மலாமாவுக்கே அவன் மூச்சுத் திணறுவது தெரிந்தது.

அப்போது மபாலோ வேகமாகக் கையை நீட்டி ஒரு குதிரையைப் பிடித்தாள். பிடித்த உடனே விட்டுவிட்டாள். அந்தக் குதிரைதான் அவளுடைய ராணிக்குக் காவல். அது எங்கே தாவினாலும் ராணி போய்விடும். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சிம்பெயா மரியாதையாகக் கையைத் தூக்கினான். "சார், தொட்டுட்டாங்க."

மலாமா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்க்காமல் இருந்திருக்கலாமே என்று அந்த நொடியில் தோன்றியது. எப்போதும் கண்ணைத் திறந்து வைத்திருந்ததற்காக அவர் முதல்முறையாக வருத்தப்பட்டார்.

"தொட்டியா?" என்று கேட்டார்.

"தொட்டேன் சார்."

"அப்போ அதைத்தான் நகர்த்தணும்."

சுற்றி நின்றவர்களுக்குப் புரியச் சிறிது நேரமாயிற்று. புரிந்ததும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "பெரிய மனுஷன் கையைத் திருப்பி வச்சே. ஏழைப் பொண்ணு கையைத் திருப்பி வைக்க மாட்டியா?" உடனே பத்துக் குரல்கள் சேர்ந்துகொண்டன. எம்.பி. உட்கார்ந்திருந்தபோது இந்தப் பத்துப் பேரும் எங்கே இருந்தார்கள் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்காது. எதிரே அதிகாரம் இல்லாதபோது நியாயம் பேசுவது எவ்வளவு சுலபம். மலாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மபாலோ குதிரையை நகர்த்தினாள். ராணி போனது. இன்னும் கொஞ்ச நேரம் விடாமல் ஆடினாள். பிறகு எழுந்து சிம்பெயாவுக்குக் கை கொடுத்தாள். அணியின் இடம் அவனுக்குப் போனது.

ஊருக்கு ஒரு விளக்கம் தேவைப்பட்டது. அந்த வாரத்துக்குள் தயாராகிவிட்டது. மாண்புமிகுவின் நகர்த்தல் அதிர்ஷ்டமான நகர்த்தல். அதைத் திருப்பி வைத்ததால்தான் பெண் தோற்றாள். கொஞ்சம் படித்தவர்கள், சிம்பெயாவின் பள்ளி மலாமாவுக்கு ஏதோ கொடுத்திருக்கிறது என்றார்கள். நிறையப் படித்தவர்கள் இரண்டையும் சேர்த்துச் சொன்னார்கள். சோகோ தம் கடையிலிருந்தே எட்டிப் பார்த்து, சங்கம் நாலாவது முறையாக அவரை நீக்கிவிட்டது என்றும் இனி எம்.பி.யின் அக்கா மகன்தான் நடுவர் என்றும் தெரிவித்தார்.

"அவனுக்கு விதி தெரியுமா?"

"தெரிஞ்சவனாலேதானே இவ்வளவு வினை" என்றார் சோகோ.

சனிக்கிழமை மபாலோவின் அப்பா லாரியிலிருந்து இறங்கி நேராகச் சந்தைக்கு வந்தார். பின்னால் மபாலோ ஓடி வந்தாள். மலாமா ஒரு மின்விசிறியின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

"சோலா அப்பா, உங்களுக்கும் பிள்ளைங்க இருக்குல்ல?" என்றார் வந்தவர். "பெரிய மனுஷன் தானா வந்து கையாலே வச்சுக் குடுத்ததை எதுக்கு எடுத்து எறிஞ்சீங்க? அது இருந்திருந்தா என் பொண்ணு இந்நேரம் விமானத்திலே போயிருக்கும்."

"அப்பா, அது தோக்குற நகர்த்தல்" என்றாள் மபாலோ.

"நீ சும்மா இரு. ரேடியோவிலேயே சொல்லிட்டாங்க."

"ஆமாம்மா, பெரியவங்க வச்சதுலே ஏதோ ஒண்ணு இருக்கும்" என்றார் சோகோ, ஒரு பழைய கோட்டை உதறிக்கொண்டே.

மபாலோ சோகோவின் கடைக்குள் போய்ச் சங்கத்தின் பலகையை எடுத்து வந்து மலாமாவின் மின்விசிறியை நகர்த்திவிட்டு அங்கே விரித்தாள். காய்களை அடுக்கினாள். வெள்ளையில், அதே குதிரைக்கு முன்னால் இருந்த அதே சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி வைத்தாள்.

"வாங்க அங்கிள். நீங்க மாண்புமிகு. நான் கறுப்பு."

சோகோ சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். சங்கச் செயலாளர் ஆயிற்றே, மோசமாக ஆட மாட்டார். கோட்டுக்கு விலை கேட்டு வந்தவர் பதிலுக்குக் காத்து நிற்கும்போதே சோகோவின் ராஜா மூலையில் செத்தது. மறுபடி ஆடினார். மறுபடியும் செத்தது. அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்து, இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது, நான் காட்டுகிறேன் என்று உட்கார்ந்து, சோகோவைவிடச் சீக்கிரம் எழுந்தார். கோழிக் கடைக்காரர், அவர் மைத்துனர், தெருவில் போன கட்சிக்காரர் ஒருவர் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. சோலா அம்மா பொரித்த மாவு உருண்டைக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்தாள். அன்று அவளுக்குத்தான் நல்ல வியாபாரம். எல்லோரும் அதே சிப்பாயோடு ஆரம்பித்தார்கள், எல்லோரும் தோற்றார்கள்.

"இப்போ சொல்லுங்க" என்றாள் மபாலோ.

சோகோ தாடையைச் சொறிந்தார். "என்னம்மா சொல்றது? ஆள் மாறிடுச்சுல்ல. அது அவர் கையாலே வச்சாத்தான் பலிக்கும்."

"அதானே" என்றார்கள் தோற்றவர்கள். கோழிக் கடைக்காரர் மட்டும் பலகையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

மலாமா மின்விசிறியை மடியில் வைத்துக்கொண்டு திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு சோதனையை இதைவிடச் சரியாகச் செய்ய முடியாது என்று அவருக்குத் தெரியும். இது யாரையும் மாற்றாது என்றும் தெரியும். மபாலோவின் அப்பா இன்னும் போகவில்லை. அவருக்கு ஆடத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் மகள் கையை நீட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கூட்டம் கலைந்ததும் ஒரு காலிப் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நீ தொட்டது இதையா?" என்று ஒரு குதிரையைக் காட்டிக் கேட்டார்.

"ஆமாப்பா."

"தொட்டது நீதானா? வேற யாரும் தள்ளி விடலியே?"

"நான்தான். அவசரப்பட்டுட்டேன்."

அவர் குதிரையைக் கையில் எடுத்தார். எடுத்துவிட்டு, இதையும் நகர்த்தியாக வேண்டுமோ என்பது போல மலாமாவைப் பார்த்தார். மலாமா பார்க்காதது போல இருந்தார்.

"இது எப்படிப் போகும்?" என்றார் அப்பா.

மலாமா தொண்டையைச் செருமிக்கொண்டு திருப்புளியைக் கீழே வைத்தார். விதிப் புத்தகத்தில் அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது உள்பட எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"சார், நான் சொல்லிக்கிறேன்" என்றாள் மபாலோ. "நீங்க ஆரம்பிச்சா அப்பாவோட லாரி போயிடும்."